பானட்டுக்கு அந்தப் பக்கம்

இது பயத்தில் வந்த கற்பனை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கும் ஆசைதான். முடியவில்லை. இருட்டுகூட ஆகாத ஒரு சனிக்கிழமை மாலையில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில், வீட்டு வாசலிலேயே நடந்தது இது. இதைச் சொன்ன குமுதாவுக்குக் கதை கட்டத் தெரியாது. எப்போது கேட்டாலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் இதையேதான் சொல்கிறாள்.

அவள் கணவன் குகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். வேலை முடிந்து வந்தால் பழைய புரோட்டோன் சாகா காரே கதி. அதன் எஞ்சினை வீட்டு முன் போர்ச்சிலேயே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, மறுபடி பூட்டியிருந்தான். அந்த மும்முரத்தில் செராஸில் குமுதாவின் தங்கைக்கு நடந்த வளைகாப்புக்குக்கூட அவன் போகவில்லை. அன்று வீடு இரண்டுபட்டது.

"அந்தக் கை ஒடிஞ்சாத்தான் உங்களுக்கு என் ஞாபகம் வரும்," என்று கத்தினாள் குமுதா.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சோறு மேசையில் இருக்கும். அவனே போட்டுத் தின்பான். வாரக்கணக்கில் இப்படித்தான்.

ஆனால் எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் எஞ்சின் பக்கம் நிற்க. வீம்புக்காரன் பக்கத்து வீட்டு மாரிஸ் அங்கிளைத் தூது அனுப்பினான்.

"பானட்ட ஒரு தட்டு தட்டுனா ஸ்டார்ட்டாம், ரெண்டு தட்டுனா நிறுத்தணுமாம். எஞ்சின் ரிப்பேர் ஆயிருச்சு, உங்க ரெண்டு பேரு வாய்தான் பாக்கி லா," என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

குமுதா சிரிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். எதிரே தூக்கி நிறுத்திய பானட், எஞ்சின் மூடி. அதற்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரியவில்லை. வெளியே மழை கொட்டியது. மணி ஐந்தே முக்கால்.

டொக்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முனகியது. பிடிக்கவில்லை.

டொக் டொக்.

விட்டாள். இப்படியே சில தடவை. ஒரு முறை இருமிப் புகை கக்கி அடங்கியது. "வந்துரும், வந்துரும்," என்று குகன் தனக்குத்தானே சொல்வது கேட்டது. அந்தச் சந்தோஷம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்பேனர் எடுக்க அவன் பின்பக்கம் போனான். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கேட் ஓரமாக டூல் பெட்டியில் குனிந்திருந்தான்.

டொக்.

சாவியில் இருந்த விரல் அப்படியே நின்றது.

கண்ணாடியில் குகன் இன்னும் குனிந்துதான் இருந்தான். போர்ச்சில் வேறு யாரும் இல்லை.

டொக்.

இந்த முறை பொறுமை இழந்த தட்டு...

குமுதா அசையவில்லை. குகன் நிமிர்ந்தான். காரைத் தாண்டி முன்னால் போய் பானட்டுக்குப் பின்னால் மறைந்தான். "ஏங்க" என்று கூப்பிட வாயெடுத்தாள். தான் முதலில் பேசினால் தோற்றதாகிவிடுமே. மழையில் ஏதாவது விழுந்திருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பானட்டுக்கு அடியில் ஒரு விரலளவு இடைவெளி. அதில் அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று...

வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு...

நின்றது.

மாரிஸ் அங்கிளா? அவர் வீட்டுக் கதவு சாத்தியேதான் இருந்தது.

குகன் மெதுவாக ஏதோ சொன்னான். யாருக்கோ பதில் சொல்வதுபோல. மழையில் புரியவில்லை.

டொக்.

பழக்கத்தில் கை திருப்பிவிட்டது.

எஞ்சின் பிடித்தது. ஒரே உறுமல். அதற்குள் அவன் அலறல்.

சாவியைப் பின்னால் திருப்பினாள். நிற்கவில்லை.

உருவியே எடுத்துவிட்டாள்.

எஞ்சின் ஓடியது.

அவன் அலறினான்...

டொக் டொக்.

நிதானமாக.

அப்போதுதான் நின்றது.

எஞ்சின் பெல்ட்டுக்கும் அது சுற்றும் சக்கரத்துக்கும் நடுவே குகனின் வலது கை சிக்கியிருந்தது. அவன் பக்கத்தில் யாரும் இல்லை. அலறல் கேட்டு ஓடி வந்த மாரிஸ் அங்கிள்தான் கையை விடுவித்து, கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று விரல்கள் போயின. கிரேன் வேலையும் போயிற்று.

அவனுக்கு மயக்கம் தெளிந்ததும் குமுதா கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள்.

"நீங்க தட்டுனீங்க. அதான் திருப்புனேன்."

"நான் தட்டல."

"அப்ப எதுக்குங்க கைய உள்ள விட்டீங்க?"

குகன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீதானே பக்கத்துல வந்து நின்னு, பெல்ட் லூசா இருக்கு, கைய விட்டுப் பாருங்கன்னு சொன்ன. இத்தன நாள் கழிச்சு என்கிட்ட பேசுறியேன்னு... உடனே விட்டுட்டேன்."