பூசை முடியும்வரை கடல்

கப்பல்களைக் காக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். எந்தக் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும், எந்தத் தோணி முதலில் சரக்கு இறக்க வேண்டும் என்று ஏஜென்சி ஆபீஸில் உட்கார்ந்து சொல்லுகிற வேலை. அப்படிப்பட்ட மூளைக்காரனுக்குத் தன் பெண்டாட்டியைக் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடலுக்குக் கூட்டிப்போகத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரி. தாமிரபரணியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தி வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, குழாயடியில் சண்டைபோட்டுப் பிடித்த குடத்துத் தண்ணீர்தான் அவளுக்கு ஆறு. "தலை நனைஞ்சா முதுகு நனைய மாட்டேங்கு. முதுகை நனைச்சிட்டு வாரதுக்குள்ள தலை காஞ்சிருது" என்பாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கணுக்கால் நனைந்திருக்கும், அவ்வளவுதான். கடலைப் பொட்டலமும் கையுமாக நாலைந்து பேர் நின்று அவளையே பார்த்தார்கள். அவள் சேலையை இறக்கிவிட்டு, "வீட்டுக்குப் போவோம்ங்க" என்று திரும்பிவிட்டாள்.

அடுத்து ஆடி வந்தது. தலை ஆடிக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் வரும் நாளும் நெருங்கியது.

"ஊருல சேக்காளிமாரு கேப்பாளுவ. கடக்கரையில வாக்கப்பட்டியே, கடல்ல குளிச்சியாளான்னு. நான் என்னத்தச் சொல்ல? கணுக்கால நனைச்சேன்னா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு தடவை. ஆளு பாக்காம முங்கி எந்திரிக்கணும். அது போதும்" என்றாள்.

அன்றைக்கே திட்டம் போட்டேன். அடுக்களைத் தம்ளர்களையெல்லாம் தரையில் பரப்பி அவளுக்கு விளக்கினேன். இது ஆள் இல்லாத தீவு. இது கரை. வார நாளில் எனக்கு லீவு கிடைக்காது. சனிக்கிழமை கடலைப் பொட்டலக்காரர்கள். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் ஊரே தூக்குச்சட்டியோடு கரைக்கு வந்து நிற்கும். தவிர, வெயில் ஏறினால் கச்சான் என்கிற மேல்காற்றும் கிளம்பிவிடும்; தீவுக்கு வள்ளம் போகாது. ஆனால் ஞாயிறு விடிகாலையில்? கரைக்காரர்கள் அத்தனை பேரும் பூசைக்கு மாதா கோயிலில் இருப்பார்கள்! கடல் நமக்கு!

"சரிதான். ஒரு தம்ளரைக் குடுங்க, தண்ணி குடிக்கணும்" என்றாள்.

எங்கள் ஆபீஸுக்கு வந்துபோகும் வள்ளக்காரனிடம் சனிக்கிழமையே சொல்லிவைத்தேன். "ஏலே, நாளைக்குக் காலையில தீவுக்கு வள்ளம் விடுவியா?"

"ஒங்களுக்கு இல்லாமலா அண்ணாச்சி! வாங்க, வாங்க."

விடியும்போதே போய்விட்டோம். அவள் கையில் எலுமிச்சைச் சோறு, என் தோளில் துண்டு. கரை வெறிச்சோடிக் கிடந்தது. வள்ளங்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன. ஒரு நாய் மட்டும் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"பாத்தியா ஏளா! ஒரு ஈ காக்கா கிடையாது!" என்று மார்தட்டினேன்.

"ஆமாங்க. வள்ளக்காரரையும் காணும்."

அப்போது கோயில் மணி அடித்தது.

வள்ளக்காரனும் அந்தக் கரைக்காரன்தானே. கூட்டத்தைக் கணக்குப் போட்ட நான், துடுப்புப் பிடிக்கிறவனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்பதை மறந்துவிட்டேன். பூசை முடிந்த பிறகுதான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே தொடங்கும். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கும் எனக்கு இது தெரியாத விஷயமா? அவன் வருவதற்குள் கச்சான் ஏறிவிடும். தீவு அவ்வளவுதான்.

அவள் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு கேட்டாள்:

"ஏங்க, அந்தத் தீவுல யாரு இருப்பா?"

"ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதுக்குத்தானே..."

"இங்கன யாரு இருக்கா?"

நான் கரையைப் பார்த்தேன். நாயைப் பார்த்தேன். அதற்குள் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்துவிட்டாள்.

முதலில் முங்கினாள். எழுந்து உப்பைத் துப்பினாள். மறுபடி முங்கினாள். "இந்தத் தண்ணி என்னைய முங்கவே விடமாட்டேங்குங்க! மேல மேல தூக்குது!" என்று கத்தினாள். கல்யாணமாகி அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "நீங்களும் வாங்க!"

"எனக்கு நீச்சல் தெரியாது."

"கப்பலையே நிறுத்துதவுகளுக்கு நீச்சல் தெரியாதா!"

"கப்பலை நிறுத்துவேன்னுதான் சொன்னேன். நான் மெதப்பேன்னு எப்பளா சொன்னேன்?"

கையைப் பிடித்து இடுப்பளவு ஆழத்துக்கு இழுத்துப்போனாள். பிடியை விடவில்லை. நானும் விடவில்லை. பயம்தான்; வேறு காரணமும் உண்டு.

எவ்வளவு நேரம் போயிற்றோ, பூசை முடிந்துவிட்டது. முக்காடு போட்ட பெண்களும் வேட்டி கட்டிய ஆண்களும் பிள்ளைகளுமாகக் கரை நிறைய வந்துகொண்டிருந்தார்கள். அவள் தாடை வரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். "ஏங்க, எப்படிங்க வெளிய வருவேன்?" அந்தக் குரலில் பழைய சனிக்கிழமை திரும்பி வந்திருந்தது.

நான் ஓடிப்போய்த் துண்டை இரண்டு கையாலும் விரித்து நின்றேன். ஊரையே ஒரு துண்டால் மறைக்கிற திட்டம். சொல்லிவைத்ததுபோல் கச்சான் வந்து அதையும் முறுக்கி என் மூஞ்சியில் அடித்தது.

முன்னால் வந்த வயதான அம்மா ஒருத்தி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி, "ஏலே, ஆம்பளையாளு எல்லாம் அங்கன திரும்புங்க!" என்று போட்டாள் ஒரு சத்தம். அத்தனை முதுகுகளும் திரும்பின. பெண்கள் பூசைச் சேலையோடு தண்ணீர் ஓரத்துக்கு வந்து வட்டமாக நின்றார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஓடி உலர்ந்த சேலை கொண்டுவந்தாள்.

"நீருந்தான்யா, அங்கிட்டுப் போய் நில்லும்" என்றாள் அந்த அம்மா என்னிடம். நான் புருஷன் என்றேன். "இருந்துட்டுப் போம். திரும்பி நில்லும்."

திரும்பினால், பக்கத்தில் என் வள்ளக்காரன். "என்ன அண்ணாச்சி, பூசைக்கு முந்தியேவா வந்தீய? காத்து ஏறிட்டே!"

எனக்குப் பின்னால் வட்டத்துக்குள் சிரிப்பு. ஆற்றில் எப்படி முங்குவோம் என்று என் பெண்டாட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். "ஆடி கழிஞ்சு வாளா, நாங்க நிக்கோம்" என்று யாரோ சொன்னது கேட்டது.

வட்டம் விலகியது. இரவல் சேலையில், தலை சொட்டச் சொட்ட, அத்தனை பேர் நடுவிலும் அவள் நிமிர்ந்து நடந்து வந்தாள். பாத்திரத்தைத் திறந்து பார்த்து, கவலையோடு என்னைக் கேட்டாள்:

"இம்புட்டுப் பேருக்கும் பத்துமாங்க?"

எலுமிச்சைச் சோற்றுக்கு வரிசை நின்றது. கடைசியில் நான்.