தெருமுனையில் கழற்றிய ஹெல்மெட்

ஞானதாஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இப்படிச் சொன்னால் அவனோடு வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். பனைமர உயரச் சாரத்தில், இரண்டு கால் வைக்க இடமில்லாத பலகைமேல் நின்று வெல்டிங் வைக்கிறவன் அவன். ஆனால் ஏறுவதற்கு முன்னால் இடுப்பு பெல்ட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பான். தொப்பியின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டாமல் ஏணியில் கால் வைக்க மாட்டான். கூட இருப்பவர்கள் "மாப்ளே, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தால், போங்கடா என்று சொல்லிவிட்டுக் கையுறையைத் தேடுவான்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்கு வருவதற்கு முன்னால், வடக்கே எங்கேயோ பாலம் கட்டுகிற இடத்தில் இருந்தானாம். மேலே நின்ற ஒருவன் கை தவறிவிட்ட ஸ்பேனர் நேராக இவன் தொப்பிமேல் விழுந்தது. தொப்பி விரிசல் விட்டது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தொப்பி இல்லன்னா அன்னிக்கே என்னைப் பொதைச்சிருப்பாங்க பாய்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

நான் பஷீருதீன். சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். எழுபத்தைந்தாம் வருஷம், பழைய ராஜ்தூத் வண்டி ஒன்றை என்னிடம்தான் வாங்கினான். வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் மெட்ராஸுக்கு பஸ் ஏறி, வெள்ளை ஹெல்மெட் ஒன்று வாங்கிவந்தான். அப்போது எங்கள் பக்கத்தில் போலீஸ்காரர்கள்கூட ஹெல்மெட் போட்டுப் பார்த்ததில்லை. அவன் கடைத்தெருவில் வந்தால் மீன் விற்கிற பெண்கள் "சோத்துக் குண்டானக் கவுத்துகினு வருது பாரு" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "குண்டானோ சட்டியோ, உள்ள இருக்கறது என் மண்டை" என்பான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஹெல்மெட் இல்லாமல் அடிபட்டது. 

அவன் வீடு, சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக் காலனியில் இருந்தது. காலனியிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரே வழிதான். அது ஊர்த்தெருவுக்குள் நுழைந்து வெளியே வரும். காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது ஒரு காலம். எழுபதுகளில் வாலிபர்கள் சைக்கிளிலிருந்து இறங்குவதை விட்டுவிட்டார்கள். செருப்பும் காலிலேயே இருந்தது. ஆனால் ஞானதாஸின் அப்பா சின்னையன் மட்டும் மாறவில்லை. தெருமுனை வந்ததும் அவர் கை தானாகத் தலைக்குப் போய்த் துண்டை அவிழ்த்துவிடும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும்போது, அவருடைய அண்ணன் முண்டாசோடு அந்தத் தெருவில் நடந்துவிட்டான். அந்த முண்டாசாலேயே கையைக் கட்டி, தேர்முட்டிக் கல்லோடு சேர்த்து வைத்து அடித்தார்கள். அண்ணன் அதற்கப்புறம் ஊரிலேயே இல்லை. அடித்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போய்விட்டார்கள் என்று சொன்னால், "அவங்க பேரப்பசங்க கீறாங்களே" என்பார் சின்னையன்.

மகன் மோட்டார் சைக்கிளில், தலையில் வெள்ளையாகப் பளபளக்கிற ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு அந்தத் தெருவில் போவதைப் பார்த்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வண்டி ஓட்டு, வேணாங்கல. தலையில கீறத மட்டும் அந்தத் தெரு தாண்டற வரிக்கும் எடுத்துடுறா" என்றார்.

"நைனா, இது முண்டாசு இல்ல. மண்டையக் காப்பாத்தறது."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியுமா?"

வீட்டில் இரண்டு மூன்று நாள் இதே பேச்சு. ஞானதாஸின் மனைவி ஜெசிந்தா மாமனாரை எதிர்த்துப் பேசாதவள். அவளே, "அப்போ அந்தத் தெருவுல மட்டும் வண்டி வுழாதா மாமா?" என்று கேட்டாள்.  மறுநாள் காலை சின்னையன், மகன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே போய்த் தெருமுனை வேலியோரம் நின்றுகொண்டார். அவன் அந்தத் தெருவைத் தாண்டி மறைகிறவரை நின்று பார்த்தாராம். அதற்கடுத்த நாளும் அப்படியே. கிழவர் பனியில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஞானதாஸ் இறங்கிவந்துவிட்டான். தெருமுனையில் வண்டியை நிறுத்துவான். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவான். தெருவைத் தாண்டியதும் மறுபடி நிறுத்திப் போட்டுக்கொள்வான்.

இதைக் கேள்விப்பட்டு நான் அவனிடம் கத்தினேன். "அதுக்கு வண்டியையே வித்துப்புடு மச்சான், நானே வாங்கிக்கிறேன்."

"இத்துனூண்டு தெரு பாய். ஒரு பீடி புடிக்கிற நேரம்கூட ஆவாது. எங்க நைனா நிம்மதியா கஞ்சி குடிக்கட்டுமே" என்றான்.

தை மாதக் கடைசியில் எங்கள் பக்கம் கொள்ளு அறுப்பார்கள். அறுத்த செடியைக் களத்தில் போட்டு அடிப்பதைவிட ரோட்டில் பரப்பிவிடுவது சுலபம். வண்டியும் மாடும் ஏறி இறங்கும்போது காய் உடைந்து மணி தனியாக வந்துவிடும். சாயங்காலம் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம், தப்பென்று யாரும் நினைப்பதில்லை. அன்று காலை ஊர்த்தெருக் கடைசி வீட்டு சாரதாம்பாள், தன் வீட்டுக்கு எதிரே கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார். புருஷன் போன பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்ட பெண்பிள்ளை அவர். செடிமேல் பனி காயவில்லை. கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. ஞானதாஸ் மெதுவாகத்தான் பிரேக்கைத் தொட்டிருக்கிறான். கடலை கொட்டிய தரையில் கால் வைத்த மாதிரி வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவன் தலை போய்த் தெருவோரத்து மதகுக் கல்லில் இடித்தது.

ஹேண்டில்பாரில் தொங்கிய ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சாரதாம்பாள்தான் முதலில் ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டி அடைத்துப் பிடித்துக்கொண்டார். தார் ரோட்டில் வந்த லாரியை நிறுத்தி அதில் ஏற்றிச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் விஷயம் தெரிந்து போய்ச் சேர்ந்தபோது, சின்னையன் வராந்தாவில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்தார். பார்வை ஹெல்மெட்டின் மேல் விழுந்தது.

"இது யாருது?"

"என் புள்ளையிதுங்க."

"அடிபடும்போது எங்க இருந்தது?"

"வண்டியில மாட்டியிருந்ததுங்க."

"தலைக்கு வாங்கினதா, வண்டிக்கு வாங்கினதா? இதப் போட்டிருந்தா இந்நேரம் எழுந்து உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருப்பான். படிக்காத ஜனங்கள வெச்சிக்கிட்டு..." என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அவர் சொன்னதில் முதல் பாதி நியாயம். சின்னையன் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே என் கையைப் பிடித்தார்.

"பாய், பனின்னு தலையில துண்டு கட்டிகினு எங்க காலனிப் பக்கமா நின்னுகினு இருந்தேன். அவன் வுழுந்ததப் பார்த்துட்டு அப்படியே ஓடனேன். அந்தத் தெரு முழுக்க ஓடனேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எனக்கே இங்க வந்துதான் தெரியுது, துண்டு தலையிலயே கீது."

சாகக் கிடக்கிறவனைத் தூக்கப் போகும்போது யார் என்ன சொல்வார்கள் என்று நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அது அவருக்கு ஏறவில்லை.

ஞானதாஸ் பிழைத்தான். கண் திறக்கவே பல நாள் ஆயிற்று. கண் திறந்த பிறகும் ஜெசிந்தாவை அவள் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இட்லி என்று சொல்ல நினைத்து ஏணி என்பான், தப்பென்று தெரிந்து தானே அழுவான். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிவந்தது. இடது காது வரவில்லை. தலையைச் சட்டென்று திருப்பினால் தரை சுற்றும், குமட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கப் பழகினான். ஜெசிந்தா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஹெல்மெட் இருந்தும் ஏன் போடவில்லை?

"மறந்துட்டேன்" என்றான் ஞானதாஸ். வந்தவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னான். திமிர் பிடித்தவன், கவனமில்லாதவன் என்று அவனைப் பற்றி அவன் காதுபடவே பேசினார்கள். அப்பாவை ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. சின்னையன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அவனுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. மறுபடி சாரம் ஏற முடியுமா? தரையில் வெல்டிங் வைக்க ஆள் நிறைய உண்டு. உயரத்தில் நின்று, கை நடுங்காமல், ஒரே கோட்டில் பற்றவைக்கிறவனுக்குத்தான் மரியாதை. காலனியிலிருந்து அந்த உயரத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான். அதைச் சொல்லும்போது அவன் முகமே வேறாக இருக்கும்.

ஆவணி வாக்கில் ஒருநாள், என்னைச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கூடவே சின்னையனும் வந்தார். அங்கே இடிந்த மதில் ஒன்று, ஒரு முனையில் முழங்கால் உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஆள் உயரத்துக்குப் போகும். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினான். எதிரே கடல். நான் ஒரு பக்கம், கிழவர் மறுபக்கம், கீழே கையை நீட்டிக்கொண்டே நடந்தோம். இடுப்பு உயரம்வரை நன்றாகத்தான் போனான். "பாத்தியா பாய்" என்று சொல்லிச் சிரித்து என் பக்கம் திரும்பினான். அவ்வளவுதான். அப்படியே சாய்ந்துவிட்டான். நான் பிடித்தேன். மண்ணில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான். அப்புறம் ஏறவில்லை. மதிலில் முதுகைச் சாய்த்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான்.

சின்னையன் அவன் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். "நான்தாண்டா உன்னக் கொன்னேன்" என்றார்.

"கழட்டுனது என் கைதான, வுடு நைனா" என்றான் அவன். அவர் விடவில்லை. அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் நான் தண்ணீர் ஓரம் போய்விட்டேன்.

காண்ட்ராக்டர் நல்லவர். வேலையை விட்டு அனுப்பவில்லை. கேட்டுக்குப் பக்கத்து ஸ்டோரில் உட்காரவைத்தார். உள்ளே போகிறவர்களுக்குத் தொப்பியும் பெல்ட்டும் எடுத்துக் கொடுப்பது, சாயங்காலம் திருப்பி வாங்கி வைப்பது, இதுதான் வேலை. வாரைத் தளர்வாக மாட்டிக்கொண்டு போகிறவனை, எஞ்சினியராகவே இருந்தாலும், கூப்பிட்டு நிறுத்தித் தன் கையால் இறுக்கிவிடுவான். சலித்துக்கொள்கிறவர்களிடம் தன் செவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டுவான். ஆனால் சாயங்காலம் மேலேயிருந்து ஆட்கள் இறங்கும்போது மட்டும் கேட் பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்வான். நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த தை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டில் இருந்தேன். சாரதாம்பாள் கையில் பையோடு காலனிக்குள் நடந்து வந்தார். ஊர்த்தெருப் பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. ஜெசிந்தா பதறிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். சின்னையன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"கொஞ்சம் கொள்ளு கொண்டாந்தேன். இந்த வருஷம் ரோட்டுல போடலப்பா, களத்துலயே அடிச்சிட்டோம். ஒன்னப் பாக்கவே எனக்கு மூஞ்சி இல்ல" என்றார்.

அவர் உட்கார்ந்தது ஞானதாஸின் இடது பக்கம். அவனுக்கு அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். அவன் தலையாட்டினான்.

"ஒண்ணு கேக்கணும்னு மனசுல இருந்துகினே கீது. தெனமும் எங்க தெருமுனையில வண்டிய நிறுத்தி அந்தத் தொப்பியக் கழட்டுவ. நான் வாசல் தெளிச்சிகினே பாப்பேன். பாவம், வேர்க்குதுபோலன்னு நெனச்சிக்குவேன். அன்னிக்கு ஒரு நாளு வேர்த்தா வேர்க்குதுன்னு போட்டுகினே வந்திருக்கக் கூடாதா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல. அவர் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், முண்டாசு கதையெல்லாம் அவர் காதுக்கு யார் கொண்டுபோயிருப்பார்கள்? ஒரு காலத்தில் அடித்து உதைத்துச் சொன்னதை, அப்புறம் யாரும் வாய்திறந்து சொல்லாமலே ஒரு மனிதன் வயசான காலம்வரை சுமந்திருக்கிறான். அதை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம். சின்னையனைப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா சொல்றாங்க நைனா?" என்று கேட்டான் ஞானதாஸ்.

  சின்னையன் மெல்ல நடந்து அவனுடைய வலது பக்கம் வந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு, கேட்கிற காதருகே குனிந்தார்.

"உனக்கு வேர்க்குதுன்னுதான் கழட்டறன்னு நெனச்சாங்களாம்டா. வேற ஒண்ணும் நெனக்கலியாம்."

ஞானதாஸ் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் உயர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு சாரதாம்பாளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆமாங்கம்மா. எனக்கு ரொம்ப வேர்க்கும்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் பையை ஜெசிந்தாவிடம் கொடுத்துப் புறப்பட்டுப் போனார். சின்னையன் மகனின் தோளைப் பிடித்தபடி, குனிந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றார்.