பக்கத்து டார்கெட்டில் விழுந்த என் பத்து

மாவட்ட ஏர் ரைஃபிள் அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்கு நானும் அவளும் முட்டிக்கொண்டோம். அவள் கெர்லிங் ஊர்ப் பொண்ணு, காலேஜில் என் கிளாஸ். வாய் ஜாஸ்தி. எனக்கும் குறைச்சல் இல்லை.

இந்த ஊரில் சொந்தமாக ரைஃபிள் வைத்துக்கொள்ள லைசன்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிளப் துப்பாக்கியைத் தொட வேண்டுமென்றால் சனிக்கிழமை வரை காத்திருந்து, தஞ்சோங் காராங் தாண்டி கோல சிலாங்கூருக்கு மோட்டார் சைக்கிளை முறுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் எஸ்டேட் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டிவைத்து, ஒட்டடைக் கம்பைத் தோளில் சாத்திக் குறி பார்ப்பேன்.

"யாரடா சுடப் போற? கம்புதான் கையில இருக்கே, அந்த நூலாம்படைய எடு லா," என்பார் அம்மா.

அணித் தேர்வு நாளன்று ஹாலில் காற்றாடியை நிறுத்திவிட்டார்கள். ஓடினால் பேப்பர் டார்கெட் ஆடும். உள்ளே அவிந்துபோனோம். ஆனாலும் கடைசிக் குண்டுக்கு முன் நான்தான் ஒரு பாயிண்ட் முன்னால். கண்ணில் வேர்வை இறங்கியதால் ரைஃபிளை இறக்கி, துண்டால் துடைத்து, மறுபடி நின்றேன். அங்கேதான் சனியன். கால் கொஞ்சம் திரும்பி நின்றிருக்கிறது, உடம்பும் கூடவே. வீட்டில் இருப்பது ஒரே புள்ளி. இங்கே வரிசையாகப் புள்ளிகள், மேலே நம்பர். நம்பரை எவன் பார்த்தான்? அழகான மூச்சு, வெண்ணெய் மாதிரி டிரிகர்.

ஒவ்வொரு குண்டுக்கும் புதுப் பேப்பர். அதைக் கிட்டே கொண்டுவரும் கயிற்றை இழுத்தேன். என் பேப்பர் கன்னி கழியாமல் வந்தது. பக்கத்தில் நின்ற அவளும் தன்னுடையதை இழுத்தாள். அதில் இரண்டு ஓட்டை. ஒன்று நட்ட நடுவில் பத்து, இன்னொன்று ஏழு.

"எது ஒன்னுது?" கோச் அவளைக் கேட்டார்.

"தெரில கோச்."

"தெரிலன்னா பெரிய பாயிண்ட் ஒனக்குத்தான். ரூல்ஸ் அப்படி." என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு முட்ட."

"கோச், அந்தப் பத்து என்னோடது!"

"இருக்கட்டும்டா. யார் டார்கெட்ல சுட்ட?"

வெளியே மோட்டார் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். "சத்தியமா சொல்லு, ஏழுதான ஒன்னுது?"

"இருக்கும்," என்றாள்.

"அத உள்ள சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா மட்டும்? நீ முட்ட மச்சான். ஏழே எனக்குப் போதும். ஒன் பத்து சும்மா போனஸ் லா."

கணக்கு போட்டுப் பார்த்தேன். சரிதான். அதுதான் இன்னும் எரிந்தது. இவள் பொய் சொல்லித் தோற்கடித்திருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பாள்.

"டேய், போட்டிக்கு ஒன் ஷூட்டிங் ஜாக்கெட்ட தாயேன். கிளப்போடது தோள்ல கிழிஞ்சிருக்கு."

"போடி."

ஹெல்மெட் மாட்டினேன். மோட்டாரைக் கிளப்பினேன். பிறகு அணைத்துவிட்டு, பையிலிருந்து ஜாக்கெட்டை உருவி அவள் மேல் எறிந்தேன்.

"ஐயே, நாறுதுடா!"

"தொவச்சிப் போட்டுக்க. அங்க போய் ஏழு அடிச்ச, கொன்னுருவேன்."