மாடி அறையில் ஒரு கெட்டில்

மலேசியாவின் லாபிஸ் ஊரில் அடுத்தடுத்த மாடி வீடுகள் இரண்டை வாடகைக்கு எடுத்து, நடுச்சுவரில் வழி வைத்து, நான்கு குடும்பங்கள் ஒரே சமையல், ஒரே சாப்பாடு என்று வாழத் தொடங்கியபோது, ஆதித் திருச்சபையே என்னால்தான் மறுபடி உயிர் பெறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற போதகர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். என் மனைவிக்கு வரவில்லை. "ஒரு வருஷம் பாக்குறேங்க. அதுக்குள்ள நமக்குன்னு ஒண்ணும் இல்லாம போச்சுன்னா, நான் மூவார்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். நான் பெருந்தன்மையோடு சிரித்தேன்.

வீட்டுச் சட்டங்களை எழுதியவனும் நானே. தனிப் பண்டம் கூடாது. தேநீர்கூடப் பொதுப் பானையில்தான். விடிந்ததும் பாலும் சீனியும் கலந்து தயாராக இருக்கும். எல்லோரும் சகோதர சகோதரிகள் என்பதால், கூட்டத்தில் என் மனைவியையும் சிஸ்டர் என்றே அழைத்தேன். அவள் முகம் போன போக்கை நான் கவனிக்கவில்லை. நாலு குடும்பத்துப் பிள்ளைகளின் பரீட்சை, ஒருவருடைய மாமியாரின் முட்டிவலி, இன்னொருவரின் சிங்கப்பூர் வேலை என்று எல்லாவற்றுக்கும் எனக்கு நேரம் இருந்தது.

குடிவந்த பதினோராம் மாதம், சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சகோதரர் தயங்கியபடி சொன்னார்: "பாஸ்டர், மேல யாரோ ரூம்ல தனியா கெட்டில் வெச்சிருக்காங்க லா. அத போட்டா கரண்ட் டிரிப் ஆவுது."

இதைவிட நல்ல பிரசங்கம் எனக்குக் கிடைக்குமா? அரைமணி நேரம் வெளுத்து வாங்கினேன். ஒளித்து வைக்கிற பொருள், ஒளித்து வைக்கிற இருதயம் என்று எங்கெங்கோ போனேன். கடைசியில், "யாருன்னு அவங்களே சொல்லட்டும்," என்று கண்களை மூடிக் காத்திருந்தேன்.

"என்னுதுதான்," என்றது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

கூட்டத்தை எப்படி முடித்தேன் என்று ஞாபகமில்லை. அசடு வழிய மாடியேறினேன். கட்டிலின்மேல் பாதி அடுக்கிய பை இருந்தது. அவள் தே ஓ கோசோங் என்கிற வெறும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். பாலும் இல்லை, சீனியும் இல்லை.

"கீழ இருக்கிறத குடிச்சா என்னம்மா?"

"எனக்கு சுகர்ங்க. ஆறு மாசமா மாத்திரை போடறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். 'ஜெபிக்கிறேன்'னு சொன்னீங்க. அப்புறம் போன் வந்துச்சு, எழுந்து போயிட்டீங்க."

அந்த வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்கு எந்த மாத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பட்டியலில் அவள் இல்லை. உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்ற வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அந்தப் பையைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

"நான் ஜெபிக்கவும் இல்ல," என்றேன்.

"தெரியும்," என்றாள். பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு. உக்காருங்க."