முழங்காலை அளந்த பலகை

இந்தப் பலகையை எழுதிய அதிகாரி ஆற்றில் கால் வைத்ததே இல்லை. 'தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தால் கடக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, மலையிலிருந்து இறங்கும் கூழாங்கல் ஆறு. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது. நான் செருப்பைக் கழற்றுகிறேன்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்கிறார் அக்கரைப் பாக்குத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் மாராத்தாள். மூங்கில் கழியை ஆற்றின் அடியில் ஊன்றி, மேல்முனையில் காதை வைக்கிறார். பிறகு என்னிடம் தருகிறார். நானும் காதை வைக்கிறேன். தண்ணீருக்கடியில் கல்லோடு கல் மோதும் சத்தம் கேட்கிறது.

"கல்லு நகருதுங்க. இப்ப கால் நிக்காதுங்க. எங்க ஊட்டுக்காரரு இப்படி எறங்கித்தான் கால ஒடிச்சுப்போட்டாருங்க."

"அவர் கழி வைத்துக் கேட்கவில்லையா?"

"எட்டாவது படிச்சவருங்க. போர்டு இருக்கறப்ப கழி எதுக்குன்னாருங்க."

கரையில் உட்கார்ந்து அவருடைய தக்காளிச் சோற்றில் பாதியைச் சாப்பிடுகிறேன். வயிறு குளிர்கிறது. மதியம் தண்ணீர் இரண்டு விரல்தான் குறைந்திருக்கிறது, ஆனால் கழியில் சத்தம் இல்லை. இருவரும் இறங்குகிறோம். காலடியில் ஒரு கல்கூட அசையவில்லை.

அந்த அதிகாரி இங்கே வரட்டும். மாராத்தாளின் கணவர் முன்னால், ஊரே கேட்க, பதில் சொல்லட்டும்: தண்ணீரை அளந்தீர்கள், கல்லை ஏன் கேட்கவில்லை?