பிட்டு ஆவியும் பாரமான அம்புகளும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வில்லைப் பிடித்தது சித்தி, கறி காய்ச்சியது அப்பா, ஆனால் அந்த அம்புகளைத் தெரிந்தெடுத்தவள் நான். டென்மார்க்கில், நாங்கள் இருக்கிற ரண்டர்ஸ் நகரத்தில், எங்கள் ஆட்கள் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லும்போது என் பங்கை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். எனக்கு அப்போது பதினொரு வயதுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நியாயம் என்று ஒன்று இல்லாமல் போய்விடுமா?

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. நான் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். சண்டைக் காலத்தில் மன்னாரில் இருந்து புறப்பட்டவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு நடுவில் சில வருஷங்கள் எங்கெங்கோ இருந்திருக்கிறாள். அதைப்பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அந்த வயதில் குதிரைகளைத் தவிர வேறொன்றிலும் அக்கறை கிடையாது.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கட்டிலில் கிடப்பவர்களைத் தூக்கி இருத்தி, திருப்பிப் படுக்கவைத்து, தோள் இரண்டும் உரமேறிப் போயிருந்தன. கூட வேலைசெய்த டெனிஷ் பெண் ஒருத்தி ஒரு சனிக்கிழமை அவளைத் தன் வில் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெரிய பெரிய ஆம்பிளைகள் முக்கி முனகி இழுத்த மரவில்லைச் சித்தி கதைத்துக்கொண்டே இழுத்தாளாம். அன்றோடு பிடித்தது அந்தப் பைத்தியம். வேட்டை அனுமதிக்குப் படிக்க வேண்டிய தடித்த புத்தகத்தை இரவல் வாங்கி, மிருகங்கள் பறவைகள் எல்லாவற்றின் பெயரையும் டெனிஷில் பாடமாக்கினாள். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான்தான். அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணிவிட்டாள். இனி வில் பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

அப்பாவுக்கு இதெல்லாம் நல்ல பகிடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது, சபையைக் கூட்டிவிட்டார்.

“எங்கட வீட்டில ஒரு வேட்டைக்காரி இருக்கிறா, தெரியுமோ? அவ மட்டும் ஒரு மான் கொண்டுவரட்டும், நான் ஏப்ரன் கட்டி உங்கள் எல்லாருக்கும் கறி காய்ச்சுறன்.”

மண்டபம் சிரித்தது. முட்டைகூட அவிக்கத் தெரியாத மனுசன் என்பது ஊருக்கே தெரியும். சித்தியும் சிரித்தாள், ஆனால் தேத்தண்ணியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாள் வகுப்பில், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும், என் சித்தி வில்லால் மான் அடிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டேன். பரீட்சையில் தவறினால் அந்த வருஷத்து வேட்டைக் காலம் போச்சு. அவளுடைய மானமும் போச்சு, என்னுடையதும் போச்சு.

கிளப்பில் அம்புச் சாமான் விற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். மூக்கில் வளையம், கையெல்லாம் பச்சை குத்தல். அவளிடம் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் டெனிஷில் வாய் ஓயாமல் பேசினாள், நான் சித்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பைன், சீடர் மரத்துத் தண்டுகள் லேசு, விளையாட்டுக்குச் சரி. வேட்டைக்கு ஆஷ் மரத்துத் தண்டுதான் வேண்டும். பாரமான அம்பு கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஆழமாக இறங்கும், மிருகத்தை வதைக்காது. சித்தி தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தப் பெண், லேசான அம்பை விட்டால் வில் கத்தும், பாரமானதை விட்டால் வில் வாயே திறக்காது என்றாள். அதை நான் சொன்னதும் சித்தி என் பக்கம் திரும்பி, திருப்பிச் சொல்லு என்றாள்.

இரண்டையும் விட்டுப் பார்த்தோம். சீடர் அம்புக்கு நாண் ‘டங்’ என்று அதிர்ந்தது. ஆஷ் அம்புக்கு ஒரு புத்தகத்தை மூடினால் வருகிற சத்தம்தான் வந்தது. சித்தி வில்லைக் காதோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“இதுதான். இதில ஆகப் பாரமானதாப் பாத்து எடு, பிள்ளை.”

மானுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று நான் விளங்கிக்கொண்டேன். பெரிய ரகசியம் தெரிந்தவள் மாதிரி வகுப்பிலும் அதை விளக்கினேன்.

ஒரு கட்டு ஆஷ் தண்டுகளோடு வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து நான்தான் தண்டு நிபுணர். சித்திக்கு மாறி மாறி வேலை, நேரம் கிடையாது. எனக்கோ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேறு வேலை இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடி யன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பேன், வளைவு இருக்கிறதா என்று. மரத்தின் வரி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நேரே ஓடவேண்டும். நடுவில் பக்கவாட்டில் இறங்கினால், விடும்போது முறிந்து கையில் ஏறிவிடும் என்று அந்தப் பெண் பயம் காட்டியிருந்தாள். வரி பிசகியதெல்லாம் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கப் போனது. பிறகு இரண்டு கையாலும் மெல்ல வளைத்து, விறைப்பு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியில் அம்மா மா நிறுக்கிற தராசில் நிறுத்து, நிறையைப் பென்சிலால் தண்டிலேயே எழுதுவேன். அம்மா வந்து தராசைக் கேட்டால் டெனிஷில் சண்டை பிடிப்பேன், அவள் தமிழில் திட்டுவாள்.

தண்டுகளை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் வீடுகளில் பத்திரமாக இருக்கவேண்டிய சாமான் எதுவென்றாலும் குசினி அலுமாரிக்கு மேலேதான் போகும். ஊரிலிருந்து வந்த கறித்தூள், பெரிய அண்டா, நத்தார் மரத்தில் கட்டுகிற சோடனை, எல்லாம் அங்கே. வாங்கி வந்த அன்றைக்கே அம்புத் தண்டும் அங்கே ஏறியது, ஒரு நாளைக்குச் சிலதாக இறக்கித்தான் பார்த்து நிறுப்பேன். அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் அடுப்பு. அடுப்பில் அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் பிட்டு. புகை இழுக்கிற ஃபேன் ஒன்று இருந்ததுதான், ஆனால் போட்டால் உறுமும். சித்தி வீட்டில் இருந்தால் அதை ஒருவரும் போடுவதில்லை. அவளுக்குத் தலையிடி வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஆகப் பாரமான தண்டுகளாக ஒரு டசின் எடுத்துக் கொடுத்தேன். கிளப்பில் இறகு ஒட்டி, முனை பூட்டித் தந்தார்கள். சித்தி கொண்டுபோய் விட்டாள். முதல் நாள் நன்றாகத்தான் போனது. அடுத்த கிழமை ஒன்று இடப்பக்கம் போனது, ஒன்று வலப்பக்கம் போனது, ஒன்று மண்ணில் குத்தியது. பட்டி திறந்துவிட்ட ஆடுகள் பரவாயில்லை, அதுகளாவது ஒரே பக்கமாகப் போகும். எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வளைந்திருந்தன. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அப்பாவுக்குக் கொண்டாட்டம். “ஆஷ் மரம் எண்டு சொல்லி முருங்கைத் தடியைத் தந்திட்டாங்கள்” என்றார். சித்தி சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவினாள். ‘இதில ஆகப் பாரமானதாப் பாத்து எடு’ என்று அவள் நம்பிச் சொன்னது என் தலைக்குள் நின்று குடைந்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன்.

என் அறையில் சில தண்டுகள் கிடந்தன. பொம்மைக் குதிரைகளுக்கு வேலி கட்டி விளையாட எடுத்துக்கொண்டு போனவை. அவற்றைக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தேன். நான் பென்சிலால் எழுதியிருந்ததைவிட ஒவ்வொன்றும் குறைவாகக் காட்டியது. தராசு பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒரு சீனிப் பக்கெட்டை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. கையில் தண்டோடு யோசித்துக்கொண்டு நிற்க, அம்மா பிட்டுப் பானையைத் திறந்தாள். ஆவி குபுகுபுவென்று கிளம்பி, நேரே அலுமாரிக்கு மேலே போய், தண்டுக் கட்டின் அடுப்புப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் பாரம் என்று தெரிந்தெடுத்தது மரத்தை இல்லை, அம்மாவின் பிட்டுத் தண்ணியை. அந்தத் தண்ணி காயக் காயத்தான் அம்புகள் வளைந்திருக்கின்றன.

அம்மா பாவம், இனிமேல் ஃபேனைப் போட்டுச் சமைக்கிறேன் என்று அதன் பொத்தானில் கை வைத்தாள். சித்தி அவசரமாக எழும்பி, “ஃபேன் வேண்டாம் அக்கா. தண்டை மாத்துவம்” என்றாள். கட்டு முழுவதும் என் கட்டிலுக்குக் கீழே போனது. அவசரப்பட்டு ஹீட்டரில் காயவைத்தால் இன்னும் வளையும் என்று கிளப்புப் பெண் சொன்னதால் பொறுமையாக விட்டுவைத்தோம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ராத்திரி கையைக் கீழே விட்டு விட்டுத் தடவிப் பார்ப்பேன்.

காய்ந்ததும் எல்லாவற்றையும் புதிதாக நிறுத்தேன். அடுப்புப் பக்கம் கிடந்தவை லேசாகிப் போயிருந்தன. சுவர்ப் பக்கம் கிடந்தவற்றின் நிறை மாறவில்லை. முதல் முறை ‘இது லேசு’ என்று நான் எட்டத் தள்ளிவைத்தவைதான் இப்போது ஆகப் பாரம். வைரம் பாய்ந்த தண்டுகள், விரலால் சுண்டினால் கிண்ணென்று கேட்டது. அவற்றில் நேரானதாக, வரி பிசகாததாக எடுத்து, இனி ஆவியென்ன மழையென்ன எதுவும் உள்ளே போகக்கூடாது என்று அன்றைக்கே வார்னிஷ் பூசினோம். சித்தி அவற்றைக் கொண்டுபோய் விட்டாள். வில் வாயைத் திறக்கவில்லை. அம்புகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் போய் நின்றன.

பரீட்சை காட்டுக்குள். மரங்களுக்கு நடுவில் ஆறு மிருகப் பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அம்பு. எவ்வளவு தூரம் என்று சொல்லமாட்டார்கள், நாமே மட்டுக்கட்ட வேண்டும். ஒன்று பிசகலாம், இரண்டு பிசகக்கூடாது. நானும் பின்னால் நடந்துபோகலாம், மூச்சு விடக்கூடாது என்பது ஒப்பந்தம்.

முதலாவது நெஞ்சில் பட்டது. இரண்டாவதுக்குச் சித்தி நாணை முழுதாக இழுத்த நேரம், காட்டுக்கு அந்தப் பக்கம் மண்தட்டுகளை மேலே எறிந்து சுட்டுப் பழகுகிற இடத்தில் யாரோ துவக்கால் வெடி வைத்தான். சித்தியின் உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது. அம்பு மரக்கிளைகளுக்குள் போய் மறைந்தது. பிறகு வெடி மேல் வெடி. பரீட்சைக்காரர் எழுதிக்கொண்டார். எனக்கு அந்தத் துவக்குக்காரர்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பரீட்சை நாளென்று தெரியாதா, அறிவு கெட்டவர்கள்.

சித்தி வில்லைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நின்றாள். அவளுடைய விரல்கள் அடுத்த அம்பின் தண்டை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தன. பரீட்சைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். வெடிச்சத்தம் ஓய்கிற பாடாக இல்லை. சித்தி கண்ணைத் திறந்தாள், வெடி வெடிக்க வெடிக்கவே வில்லை உயர்த்தினாள், விட்டாள். நெஞ்சில். அடுத்ததும் நெஞ்சில். அதற்கடுத்ததும். கடைசியாகப் புதருக்குப் பின்னால் மான் பொம்மை. நான் பார்க்கவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். பரீட்சைக்காரர் “தில்லூக்க” என்று வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தது கேட்டுத்தான் கையை எடுத்தேன்.

சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்குக் கால் தரையில் படுகிற உயரம், ஆனாலும் தூக்கினாள். “வா, போற வழியில அத்தானுக்கு ஒரு ஏப்ரன் வாங்குவம்” என்றாள்.

வேட்டைக் காலம் தொடங்கி, பீச் மரங்கள் இளம்பச்சையாக நின்ற ஒரு விடியற்காலையில், கூட வேலைசெய்த அந்த டெனிஷ் சிநேகிதியின் காட்டில் சித்திக்கு ஒரு கலைமான் அகப்பட்டது. அம்பு நெஞ்சுக்குள்ளால் மறுபக்கம் போய்விட்டதாம். மான் தலை நிமிர்த்தக்கூட இல்லையாம், கொஞ்சத் தூரம் நடந்துபோய்ப் படுத்துவிட்டதாம். வகுப்பில் அதைச் சொன்னபோது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அப்பா வாக்குத் தவறவில்லை. பூப்போட்ட ஏப்ரன் கட்டி, அம்மா தள்ளி நின்று சொல்லச் சொல்ல, ஊர்க் கறித்தூளும் தேங்காய்ப்பாலும் போட்டு அண்டாவில் மான்கறி காய்ச்சினார். மண்டபத்தில் சிரித்த அத்தனை பேரும் எங்கள் வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புகை தாங்காமல் அப்பா ஃபேனைப் போட்டிருந்தார், அது குசினியில் உறுமிக்கொண்டே கிடந்தது. நான் அம்புகளை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டி, பாரம் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பாவோடு தொழிற்சாலையில் வேலைசெய்கிற ஒருவர் அம்பைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சித்தியைக் கேட்டார்.

“ஏன் தங்கச்சி இவ்வளவு கரைச்சல்? துவக்கு எண்டால் ஒரு வெடியோட அலுவல் முடிஞ்சிருக்குமே.”

“துவக்கு சத்தம் போடும் அண்ணை” என்றாள் சித்தி, அவருடைய கோப்பையில் பிட்டுப் போட்டபடி.

அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. எல்லோரும் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குசினி ஃபேனின் சத்தம் மட்டும் கேட்டது. கறி அவ்வளவு ருசி, அதுதான் வாய் அடைத்துப்போய் இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா ஏப்ரனோடு எழும்பிப் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். யாராவது கறியைப் புகழ்ந்தால் காதில் விழவேண்டும் என்றுதான் நிறுத்தினார் என்று நினைத்தேன்.