வெயிலில் வைத்த ரிக்கார்டு

அந்த வாத்தியத்துக்குப் பெயர் செல்லோ என்று எனக்குத் தெரியவர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் பெட்டிக்குள்ளே யாரோ ஒரு ஆண்பிள்ளை மூக்கைச் சிந்தாமல் அழுகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அது. தூத்துக்குடி துறைமுக ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் நான் ஆயா. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மேலே படித்திருந்தால் நர்ஸாகி இருப்பேன், அந்த ஊர் நோயாளிகள் பிழைத்தார்கள்.

ஐப்பசி மழைக்குள் ஒரு வெள்ளைக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உப்பு ஏற்ற வந்த கப்பலில் சமையல்காரர். கப்பலில் இருந்து படகுக்கு இறங்கும்போது கால் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோயிற்று. அறுபதுக்கு மேல் வயதிருக்கும். கப்பல் சமையல்காரருக்காகக் காத்திருக்குமா? உப்பு ஏறியதும் அது போய்விட்டது. ஏஜெண்ட் ஆபீஸ் ஆள் வந்து அவருடைய இரண்டு பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான். ஒரு பையில் துணி. இன்னொன்றில் சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடும் ரிக்கார்டு பிளேயர். மூன்று ரிக்கார்டு.

மூன்றில் இரண்டை அவர் தொடவே மாட்டார். ஒன்றைத்தான் சாயங்காலம் கஞ்சி குடித்த பிறகு வைப்பார். அதன் அட்டையில் படம் கிடையாது, மூலையில் ஆறு முனை நட்சத்திரம் மட்டும். பாட்டும் கிடையாது, வாத்தியம் மட்டும். நான் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். ஒரு மாதம் கேட்டால் எதுதான் மனசில் ஒட்டாது? துடைப்பம் போகிற வேகமே அதன் வேகமாகிவிட்டது.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இரண்டு சொல்தான் இருந்தது. உப்பு, போதும். இரண்டும் நான் சொல்லிக்கொடுத்தவை. ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் குறை கண்டுபிடிக்கிற சம்பந்தி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உப்பு" என்பார்.

"கப்பல் கப்பலா உப்ப அள்ளிட்டுப் போனது உங்க ஆளுகதான தொர! இங்கன வந்து எங்கிட்ட கேட்டா நான் எங்க போவேன்?" என்பேன். ஒன்றும் புரியாது. ஆனாலும் சிரிப்பார்.

அவர் வந்து இருபது நாள் கழித்து, பக்கத்துக் கட்டிலுக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு வாத்தியார் வந்தார். நாசரேத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர்தான் முதல்நாளே சொன்னார்.

"இது பெரிய வயலின்ம்மா. செல்லோன்னு சொல்லுவாவ. ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு வாசிக்கணும்."

"நான் அழுக சத்தம்னுலா நெனச்சேன் சார்."

"அப்படியும் வச்சுக்கலாம்," என்றார்.

வாத்தியார் வந்தபிறகு துரைக்கு வாய் வந்துவிட்டது. இரண்டு பேரும் பகல் முழுக்கப் பேசுவார்கள். எந்த ஊர்க்காரர் என்று கேட்கச் சொன்னேன். ஒரு பெயர் சொன்னார். அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர், வேறு நாடு என்றார் வாத்தியார். அவர் யூதர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பைபிளில் மட்டும் இருக்கிற ஆட்கள் என்று நினைத்திருந்தவள் நான். எட்டிப் பார்த்தேன். மாவுக்கட்டுக்கு மேலே வேர்க்குருவைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பிறகு இரண்டு மூன்று நாளாக அவர் அந்த ரிக்கார்டை வைக்கவில்லை. பையில் இருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்து, தேதிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வாத்தியாரிடம் கேட்டேன்.

"வியாழக்கிழம சாயங்காலம் அவுக அம்மைக்கு வருசாந்திரம். நம்ம ஊர்ல இந்துக்க திதி பாக்காவள்லா, அதே மாதிரி இவுகளுக்கும் நிலாக் கணக்கு. சூரியன் அடையுத நேரத்துல தொடங்கும்."

"பூச வைக்கணுமா சார்?"

"பூச இல்ல. அவுக சனத்துல பத்து ஆம்பளைக கூடி நிக்கணும். அந்தப் பத்துப் பேரு இருந்தாத்தான் மகன் அம்மைக்கு உள்ள செபத்தச் சொல்லலாமாம்."

"பத்துப் பேருதான? திரேஸ்புரத்துல மீன் ஏலம் விடுத எடத்துல நின்னு கைய தட்டுனா நூறு பேரு வந்து நிப்பான்."

"அந்தப் பத்து இல்லம்மா. யூதருல பத்து. கொச்சியில கொஞ்சம் பேரு இருக்காவ. இந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போவாரு?"

கப்பலில் மட்டும் பத்து யூதர் இருந்தார்களா? முப்பது வருஷமாகவே கிடையாது. அதனால் அந்த மனுஷன் தானே ஒரு வழி பண்ணியிருக்கிறார். அவர்கள் கோயிலில் பெரிய நோன்பு தொடங்கும்போது பாடுகிற செபம் ஒன்று. அவருடைய அம்மா மாவு பிசையும்போது அதை முனகிக்கொண்டே இருப்பாளாம். அதே ராகத்தைத்தான் யாரோ அந்தப் பெரிய வயலினில் வாசித்து ரிக்கார்டு ஆக்கியிருக்கிறார்கள். வருஷா வருஷம் அந்த நாளில், எந்தக் கடலில் இருந்தாலும், சூரியன் அடையும்போது அதை வைத்துக் கேட்பார். பத்துப் பேருக்குப் பதில் அது. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்றுதான் இந்த இரண்டு மூன்று நாளாக வைக்காமல் இருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. காலையில் துரையை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பையைத் தூக்கினேன், ஈரம் சொட்டிற்று. சாரல் ஜன்னல் வழியாக இறங்கி ஓடியிருக்கிறது. திறந்து பார்த்தால் ரிக்கார்டு அட்டை நனைந்து ஊறி, ரிக்கார்டு மேலே வெள்ளையாகப் பூஞ்சணம்.

எங்கள் கடல் கரையில் மழை முடிந்தால் ஒரே வேலைதான். பாய், மிளகாய், கருவாடு, கல்யாணச் சேலை, செபப் புத்தகம், எல்லாம் மொட்டை மாடிக்குப் போகும். அந்தோணியார் சுரூபத்தையே வெயிலில் உட்கார வைத்து எடுப்போம். பூஞ்சணத்துக்கு வெயிலைவிட வேறு மருந்து என்ன இருக்கிறது? சோப்புத் தண்ணீரில் ரிக்கார்டைத் துடைத்து, ஆஸ்பத்திரி மாடியில் ஓலைப்பாய் விரித்து, போர்வைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். காற்று புரட்டிவிடக் கூடாதே என்று ஓரத்தில் ஒரு கல் வேறு. துரை வந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்க வேண்டும், சாயங்காலம் நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். யாரையும் கேட்கவில்லை. வெயிலில் காயவைக்க யாரைக் கேட்பது?

மத்தியானம் போய்ப் பார்த்தேன். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கிடந்தது. கல் வைத்த பக்கம் பள்ளம், எதிர்ப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கையால் அமுக்கினேன். அமுக்க அமுக்க வேறு பக்கம் எழும்பியது.

முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மைக் செட் கடைக்கு ஓடினேன். கடை அண்ணாச்சி எங்கள் தெரு ஆள். கல்யாணம், கொடியேற்றம், சாவு எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவர்.

"ஏளா, இதென்ன ரிக்கார்டா, ஆப்பச் சட்டியா?"

"கிண்டல நாளைக்கு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஆறு மணிக்குள்ள நேராக்கணும்."

"வெயில்லயா வச்ச? கோட்டிக்காரி! கருவாடும் இதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்னு நெனச்சிட்டேன். ஏதாவது செய்ங்க."

இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து, மேலே பெரிய ஆம்ப்ளிபயரைத் தூக்கி வைத்தார். "ரெண்டு நாளு இப்படியே கெடந்தா கொஞ்சம் அடங்கும்," என்றார்.

"ரெண்டு மணி நேரந்தான் அண்ணாச்சி இருக்கு. இதே மாதிரி வேற ரிக்கார்டு உங்ககிட்ட இருக்கா?"

அலமாரியைத் திறந்து தேடினார். சினிமாப் பாட்டு, நாகசுரம், மாதா பாட்டு. "என்ன விசேசத்துக்கு?"

"அவுக அம்ம செத்ததுக்கு."

"அடப் பாவமே. துட்டி வீட்டுக்கு நம்மகிட்ட நல்ல செட்டு இருக்கே. கல்லும் அழும்."

"செத்து நாப்பது வருசம் ஆயிட்டு அண்ணாச்சி."

"அப்ப அவ்வளவு அழுக வேண்டாம். கொஞ்சம் சாந்தமாத் தாரேன்," என்று இன்னொரு கட்டை இழுத்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தூத்துக்குடி முழுக்கத் தேடினாலும் அந்த ரிக்கார்டுக்கு இரண்டாவது கிடையாது. துரையின் சின்னப் பெட்டியில் இந்தக் கோணல் ஓடாது என்றார். அதைச் சொல்லித்தான் ரிக்கார்டோடு அவரையும் அவருடைய கனமான பிளேயரையும் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

துரை தலை சீவி, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கையில் அந்த நட்சத்திர அட்டையைக் காலியாகப் பிடித்திருந்தார். வாத்தியாரிடம் போய் நின்றேன்.

"சார், நீங்கதான் சொல்லணும்."

"நீ செஞ்ச காரியத்த நான் எந்த இங்கிலீசுல சொல்ல?" என்று பல்லைக் கடித்தார். பிறகு சொன்னார். அந்த இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று, நடுவில் அவர் மாடியைக் காட்டியது.

துரை ரிக்கார்டை வாங்கி, ஆசாரி பலகையின் கோணல் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவள் நான். ரிக்கார்டை அவர் கையில் இருந்து வாங்கி அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அண்ணாச்சி பிளேயரில் வைத்தார். முள் படகு மாதிரி மேலே ஏறிப் பொத்தென்று விழுந்தது. முள்ளுக்கு மேலே ஒரு பத்துப் பைசாவை ஒட்டினார். இப்போது குதிக்கவில்லை. ஆனால் அந்த அழுகை, குடித்துவிட்டு வருகிறவன் அழுகிற மாதிரி இழுத்துத் தள்ளாடியது. வார்டில் யாரோ சிரித்தார்கள்.

"போதும்," என்றார் துரை. நான் சொல்லிக்கொடுத்த சொல்.

அண்ணாச்சி முள்ளைத் தூக்கினார். மேற்கு ஜன்னலில் உப்பளத்துப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. துரை கண்ணை மூடிக்கொண்டு தானே முனக ஆரம்பித்தார். கப்பல் அடுப்பில் முப்பது வருஷம் புகை குடித்த தொண்டை. இரண்டு வரி வந்தது, நின்றது. மறுபடியும் முதலில் இருந்து. அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அங்கேயேதான்.

"மறந்துட்டாரு போல," என்று வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "இத்தன வருசமும் பெட்டிதான பாடிச்சு."

எனக்குத் தெரியும் அடுத்து என்ன என்று. அந்த இடத்தில் அது ஒரு படி மேலே ஏறும், அங்கேயே கொஞ்சம் மூச்சு வாங்கும், பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்குகிற மாதிரி இறங்கும். ஆண்கள் வார்டு. ஆறு கட்டிலிலும் ஆள். டாக்டர் வரும் நேரம். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

துரை சட்டென்று திரும்பினார். அவர் கை கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு வரி போயிற்று. ஏறியது, மூச்சு வாங்கியது, இறங்கியது. சரியாகத்தான் இறங்கியது. எனக்கே ஆச்சரியம். இன்னொரு வரி. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மாறியது. பார்க்கிறேன், துரையின் கை அந்தரத்தில் நிற்கிறது.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் சேசுவைச் சிலுவையில் இருந்து இறக்கிக் கிடத்தும்போது பெண்கள் உட்கார்ந்து மாதாவின் புலம்பலைப் பாடுவோம். பால் குடிக்கிற வயதில் இருந்து கேட்டது. எந்த இடத்தில் நுழைந்தேனோ தெரியாது, அதைப் பாடிக்கொண்டிருந்தேன்.

துரை தலையை ஆட்டினார். இது இல்லை.

முதலில் இருந்து தொடங்கினேன். அந்த இறக்கம் வந்ததும் கால் வழுக்கியதுபோல மறுபடியும் புலம்பலுக்குள் விழுந்தேன்.

"ஏளா, அது நம்மது," என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார்.

"தெரியுது அண்ணாச்சி. வேற வர மாட்டேங்கு."

துரை வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற குரல்.

"என்ன சார் சொல்லுதாரு?"

"'முதல்ல சரியாத்தான வந்துச்சு, அதுக்கு அப்புறம் எப்படி, எப்படி'ன்னு கேக்காரு."

ஒரு மாதம் தரையைத் துடைத்துத் துடைத்து மனசில் ஏற்றியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை முழுசாக என்னிடம் இருந்தது. தேடிப் பார்த்தேன். முதல் வரியின் தலைகூடத் தட்டுப்படவில்லை. எல்லா இடத்திலும் மாதாதான் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டது. துரை இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏமாந்துவிடக் கூடாதே என்று இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். புலம்பல்தான் வந்தது.